பதினேழு முறை தட்டினான் அண்ணன்

1

போன வாரம் தபால் பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. என் குடியிருப்பு அட்டை காலாவதியாகப் போகிறதாம், புதுப்பிக்க வேண்டுமாம். கடிதத்தின் ஓரத்தில் நான் இந்த நாட்டில் கால் வைத்த தேதியை அச்சடித்திருந்தார்கள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பத்து வருஷம் முடிந்துவிட்டது. கல்யாண நாளே மறந்துபோகிற வீட்டில் இதை யார் நினைவு வைத்திருக்கப்போகிறார்கள்! டென்மார்க் அரசாங்கம் வைத்திருக்கிறது.

நான் இருப்பது ஆல்போர்க் என்கிற துறைமுக ஊர். சிமெண்ட் ஆலை உண்டு, கிரேன் உண்டு, மழைநாளில் சகதியும் உண்டு. வந்த முதல் நாள் பஸ்ஸிலிருந்து அந்த ஆலையின் புகைபோக்கியைப் பார்த்துவிட்டு "அட, நம்ம எண்ணூரு!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மரியாதையாக எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்காரிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது என்பதை இந்த ஊர் அன்றைக்கே புரிந்துகொண்டது.

அட்டைக்கான படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. "உங்கள் வேலையை இரண்டு வரியில் விளக்குக." மூன்று நாளாக எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வரியில் அடங்குகிற வேலையா இது? உங்களிடம் சொல்வதானால் இப்படிச் சொல்வேன். கப்பல்களிலும் மீன்பிடிப் படகுகளிலும் வைக்கிற செயற்கைக்கோள் பெட்டி செய்யும் கம்பெனி எங்களுடையது. பெட்டி ஒரு சாப்பாட்டுத் தூக்கு அளவுதான் இருக்கும். செல்போன் டவர் எட்டாத நடுக்கடலில் இருந்து வானம் வழியாகக் கரைக்குச் செய்தி அனுப்பும். முன்பு பெட்டிக்கும் திரைக்கும் நடுவே ஒரு கம்பி ஓடும். உப்புக் காற்று ஆறே மாதத்தில் அதைத் தின்றுவிடும். இப்போது கம்பியை எடுத்துவிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைஃபை வைக்கிறோம். படகில் இருப்பவர் தன் போனிலேயே செய்தி அடிக்கலாம். ஆனால் அந்த வைஃபைக்குள் கண்டவன் நுழைந்து பொய்ச் செய்தி அனுப்பிவிடக் கூடாது, படகு எங்கே இருக்கிறது என்று வேவு பார்த்துவிடவும் கூடாது. அதற்குப் பூட்டுப் போடுவதுதான் என் வேலை.

நான் போட்ட பூட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

2

போன வருஷம் சோதனைக்காக இந்தியாவில் ஐந்து படகுகளில் பெட்டி வைக்க முடிவானது. ஒரு படகு என் அண்ணன் தேசப்பனுடையது. சிபாரிசா என்றால் ஆமாம், சிபாரிசுதான். அண்ணனை விட்டுவிட்டு ஊரான் படகிலா வைப்பேன்?

அனுமதி வாங்க நான்கு மாதம் ஆனது. ஓர் அலுவலகத்தில் என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்த அதிகாரி அம்மா, "இது போனா, வயர்லெஸ்ஸாம்மா? போன்னா மேல் மாடி, வயர்லெஸ்னா கீழ" என்றார். இரண்டும்தான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மாடிப்படியிலதான் நிக்கணும்" என்று அவரே சிரித்துவிட்டார். கோபப்பட முடியவில்லை. டென்மார்க்கிலும் இதே மாடிப்படியில் நின்றிருக்கிறேன். அங்கே காபி கொடுப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால் அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்.

"இத பாரு செல்வி. நான் எங்க வலை போடறேன்னு ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. உன் வெள்ளைக்காரனுக்கும் தெரியக் கூடாது."

"எனக்கு?"

"உனக்கு இன்னாத்துக்கு? நீ இன்னா மீன் புடிக்கவா போற?"

அவன் பயம் நியாயமானது. கடலுக்கடியில் பாறைத்திட்டு இருக்கிற இடத்தில் மீன் கூடும். எங்கள் பக்கம் அதைப் பார் என்பார்கள். வடக்கே ஆழத்தில் ஒரு பாரை அண்ணனே தேடிக் கண்டுபிடித்திருந்தான். கேட்டவர்களிடமெல்லாம் தெற்கே போவதாகச் சொல்வான். சொல்வது மட்டுமல்ல, கரை மறைகிற வரைக்கும் தெற்கே ஓட்டிவிட்டு அப்புறம் வடக்கே திருப்புவான். எரிகிற டீசலைப் பற்றிக் கவலையே கிடையாது.

அவனுக்காகவே பூட்டை இறுக்கினேன். ரகசிய எண் வைத்தால் குப்பத்தில் அதை ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கத்தியே சொல்லிவிடுவார்கள். அதனால் எண் கிடையாது, போன்தான் சாவி. அண்ணனின் போனைப் பெட்டியோடு இணைத்தேன். அந்த ஒரு போனுக்குத்தான் பெட்டி திறக்கும். மணிக்கு ஒரு தடவை பெட்டி தான் இருக்கும் இடத்தை அனுப்பும், ஆனால் அது முத்திரை வைத்த உறை மாதிரி எங்களிடம் சும்மா கிடக்கும். பிரித்துப் படிக்க அதே போன் வேண்டும். வேறு போன் நுழையப் பார்த்தால் பெட்டியில் சிவப்புப் பொட்டு ஒன்று எரியும். 'தெரியாத போன், மறுக்கப்பட்டது' என்று மட்டும் எங்களுக்கு ஒரு வரி வரும்.

எங்கள் கம்பெனியில் ஹென்ரிக் என்று ஒருவர், என்னோடு பூட்டு வேலை பார்ப்பவர். அவசரத்துக்கு ஒரு கள்ளச்சாவி நம்மிடம் இருக்கட்டுமே என்று அவர்தான் கேட்டார். கூட்டத்தில் எழுந்து நின்று சண்டை போட்டேன். நம்மிடம் ஒரு சாவி இருந்தால் நாளைக்குத் திருடனிடமும் இருக்கும், கூடவே கூடாது என்றேன். ஜெயித்தேன். அன்றைக்கு வீட்டில் பாயசம்.

3

ஐப்பசி. சனிக்கிழமை காலை எட்டு மணி, ஊரில் பதினொன்றரை. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். மகள் கயல் கறுப்பு ரொட்டியில் மீன் விழுதைத் தடவிக்கொண்டிருந்தாள். வயது பதினொன்று. நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். தமிழில் சொல்லுடி என்றால் பரீட்சை எழுதுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு வார்த்தை சொல்வாள். அதற்குமேல் கேட்டால் நல்ல ரொட்டி ஆறிப்போகிறது என்பாள். கறுப்பு ரொட்டி எப்போது சூடாக இருந்தது?

அண்ணன் எண்ணிலிருந்து போன் வந்தது. சந்தோஷமாக எடுத்தேன்.

"இன்னாண்ணா, காலங்காத்தால?"

"செல்வி, நான்தான் அண்ணி பேசறேன்." மலர் அண்ணி மூச்சு விடாமல் சொன்னாள். "உங்கண்ணன் இன்னும் வரல. நேத்து சாய்ங்காலமே வரணும். போட்ல போன நாலு பேரும் வரல."

"தேடப் போனாங்களா?"

"காலையிலயே ரெண்டு போட்டு தெக்கால போயி அலசிட்டு வந்துட்ச்சு. ஒண்ணும் ஆப்டல. மீன்துறை ஆபீஸுக்கும் சொல்லிட்டோம். எந்தப் பக்கம் போனாருன்னு கேக்கறாங்க, நான் இன்னா சொல்றது? நீ ஒரு பொட்டி வச்சியே, அதுல எதுனா தெரியுதா பாரேன்."

"அண்ணி, நீங்க இப்ப எந்த போன்ல பேசறீங்க?"

"உங்கண்ணன் போன்லதான். எனக்கு மீன் ஏலத்துக்கு வேணும்னு இத வூட்ல வச்சிட்டு, அந்த ஒடஞ்ச போன எடுத்துகினு பூட்டாரு. எப்பவும் அப்டித்தானே?"

எப்பவும் அப்படித்தான். எங்கள் வீட்டில் நல்ல பொருள் கடலுக்குப் போகாது. நைனா வாட்சைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போவார். நல்ல சட்டை ஆணியில் தொங்கும். கழுத்துச் சங்கிலி அரிசிப் பானைக்குள் கிடக்கும். கடலுக்குப் போவது கிழிந்ததும் உடைந்ததும்தான். இதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனாலும் அண்ணன் நீட்டிய புதுப் போனை வாங்கிச் சாவியாக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று விமானம் ஏறியிருக்கிறேன். டேனிஷ்காரன் இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். அந்த வீட்டில் பிறந்தவளுக்கு என்ன கேடு? தலையில் அடித்துக்கொண்டேன். கயல் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

மடிக்கணினியைத் திறந்தேன். அண்ணனின் பெட்டியிலிருந்து ஒன்பது வரிகள் வந்திருந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கி அன்று காலை வரைக்கும், ஒன்பதும் ஒரே வரி. 'தெரியாத போன், மறுக்கப்பட்டது.'

உயிரோடு இருக்கிறான். உடைந்த போனை வைத்துக்கொண்டு என் பெட்டியைத் திறக்கப் பார்க்கிறான். நான் ஒன்பது தடவை முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.

பெட்டியில் ஆபத்துக்கென்று ஒரு பட்டன் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, அதற்குச் சாவியும் வேண்டாம். ஆனால் எங்கள் ஆட்கள் படகு முழுகினால் ஒழிய அதை அமுக்க மாட்டார்கள். எஞ்சின் நின்றுபோனால் நம் படகு வந்து கட்டி இழுத்துப் போகும், அதுதான் வழக்கம். அதற்குப் போய்க் கடலோரக் காவல் கப்பலையா கூப்பிடுவது என்று வெட்கம்.

4

ஹென்ரிக்குக்கு போன் போட்டேன். கரையிலிருந்து செய்தி அனுப்பினாலும் படகில் அதைப் படிக்க அதே போன்தான் வேண்டும். அந்தப் பூட்டை இங்கிருந்து திறக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று எனக்கே தெரியும்.

"செல்வி," என்றார் மெதுவாக, "கள்ளச்சாவி வேண்டாம் என்று சொன்னது நீ."

"தெரியும்யா, தெரியாமலா கேக்கறேன்!" என்று தமிழிலேயே கத்தினேன். பாவம், அவர் அதற்கும் சரி என்றார்.

அதற்குள் பத்தாவது வரி வந்தது. கயல் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா திரும்ப கதவு தட்றார்," என்றாள். தமிழில்தான் சொன்னாள். "நீ ஏன் தொறக்க மாட்ட?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என்கிட்ட சாவி இல்லடி."

"யார்கிட்ட இருக்கு?"

யாரிடம் இருக்கிறது! அண்ணியின் கையில் இருக்கிறது. அந்தப் போன்தானே சாவி? பெட்டியை இங்கிருந்து திறக்க முடியாதுதான். ஆனால் மணிக்கு ஒன்றாக வந்து எங்களிடம் கிடக்கிற உறைகளை அண்ணியின் கையில் இருக்கிற போன் பிரிக்குமே. கரையில் நெட் கிடைக்கிறது, வேறென்ன வேண்டும்?

மறுபடி அண்ணியைக் கூப்பிட்டேன். "போன்ல நீலக் கலர்ல மீன் படம் போட்டு ஒண்ணு இருக்கும் பாருங்க. அத அமுக்குங்க."

"எதுனா கேம் போலன்னு நெனச்சேன். இரு." மூச்சு வாங்குவது கேட்டது. "ஏதோ நம்பர் நம்பரா கீது."

"கடைசி வரியப் படிங்க."

படித்தாள். நான் வரைபடத்தில் குறித்தேன். வடக்கே, பழவேற்காட்டையும் தாண்டி, நினைத்ததைவிட வெகு ஆழத்தில். அதற்கு முந்தைய வரிகளையும் படிக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் படகு ஒரே இடத்தில் நின்றிருக்கிறது, அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போகிறது. எஞ்சின் போய்விட்டது, நீரோட்டம் இழுக்கிறது. குப்பம் முழுக்கத் தெற்கே தேடிக்கொண்டிருந்தது.

"அண்ணி, இத உடனே போட்டுக்காரங்ககிட்ட சொல்லுங்க. மொத இடத்துலேர்ந்து கடைசி இடம் வரைக்கும் எல்லாத்தையும் சொல்லுங்க. அப்பத்தான் எந்தப் பக்கம் அடிச்சிகினு போவுதுன்னு அவங்களுக்குப் புரியும்."

அண்ணி முதல் வரியை மறுபடி படித்தாள்.

"செல்வி, மொத நம்பரு அந்தப் பாரு இல்ல?"

"ஆமா."

"ஊருக்கே சொன்னா உங்கண்ணன் வந்து என்ன கொன்னுடுவாரு."

"வரட்டும் அண்ணி. மொதல்ல வந்து கொல்லட்டும்."

அண்ணி அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. அடுத்த நொடி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கத்த ஆரம்பித்தாள். "யோவ், வடக்கய்யா! தெக்கால இல்ல, வடக்க! எழுதிக்க!" ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சொன்னாள். ஏழு வருஷமாக அண்ணன் டீசலை எரித்துக் காப்பாற்றிய ரகசியத்தை ஐந்து நிமிஷத்தில் குப்பமே எழுதிக்கொண்டது.

5

மூன்று படகுகள் கிளம்பின. புது எண் வரவர அண்ணி கரையில் நின்று வாக்கி-டாக்கியில் படித்தாள். வாக்கி எட்டாத தூரத்துக்கு அவர்கள் போன பிறகு யாருக்கும் செய்ய ஒன்றும் இல்லை.

கயல் நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, வரி வரும் நேரத்தையெல்லாம் எழுதினாள். பதினான்கு. பதினைந்து. பதினாறு. ஒவ்வொன்று வரும்போதும் "தட்டிட்டார்" என்பாள். ஒரு மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த தமிழைவிட அந்தக் காலையில் அதிகம் வந்தது. அதைக் கவனித்துச் சந்தோஷப்படக்கூட அப்போது எனக்குத் தெம்பில்லை.

பத்து நாற்பதுக்குப் பதினேழாவது வந்தது. அதோடு நின்றுவிட்டது.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. பெட்டி மணிக்கு ஒரு உறை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. பெட்டி மிதக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னது அந்த மறுப்பு வரி ஒன்றுதான். அது வரவில்லை. காலையில் பார்க்கவே பிடிக்காத வரி, வந்து தொலையாதா என்று ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பூட்டைத் திருட்டுத்தனமாகத் திறக்கப் பார்க்கும் ஒரு போனுக்காக நான் சாமி கும்பிட்டது அன்றைக்குத்தான்.

சமைக்கவில்லை. கயல் அந்தக் கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி என் முன்னால் வைத்தாள். சாப்பிட்டேன்.

ஒன்றரை மணிக்கு அண்ணி கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"ஆப்ட்டாங்க! நாலு பேரும் நல்லா கீறாங்களாம். கட்டி இஸ்துகினு வந்துகினு கீறாங்க. முன்னாடி வந்த போட்டுக்காரன் வாக்கில இப்பதான் சொன்னான்." பிறகு வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். கயல் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் உட்காருகிற வயதெல்லாம் தாண்டிவிட்டாள். காலைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ உட்கார்ந்தாள்.

6

இரண்டு நாள் கழித்து அண்ணனே பேசினான். உடைந்த போனில் சார்ஜ் தீர்ந்துபோனதுதான் தட்டல் நின்ற காரணம். முதலில் அவன் சொன்னது இதைத்தான்:

"என் பாரு பூட்ச்சு. இன்னிக்கு காலையில அங்க பதினோரு போட்டு நிக்குது. இன்னா ஒரு பேஜாரு!"

"உசுரு கீதே, அது போதாதா?"

"அது கீது. மீனு இல்லியே." சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "செல்வி, அந்தப் பொட்டி தொறக்காதுன்னு நாலாவது வாட்டியே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏண்ணா தட்டிகினே இருந்த?"

"போன காட்டுனா சேப்பா ஒரு பொட்டு எரிஞ்சுது. கூட இருந்த பசங்க பயந்து போய்க் கெடந்தானுங்க. நான் சொன்னேன், டேய், என் தங்கச்சி அங்க உக்காந்துகினு வேணாம் வேணாம்னு சொல்றாடா. திட்டறதுக்காவது ஒரு ஆள் கீதுடான்னேன். அதுக்கோசரம்தான் அப்பப்ப காட்டிகினே இருந்தேன்."

அந்தப் பொட்டு நான் எரிய வைப்பதல்ல. பெட்டி தானாகவே பார்த்து, தானாகவே மறுத்து, தானாகவே எரிய வைப்பது. செயற்கைக்கோள் கெட்டுப் போயிருந்தாலும், எங்களுக்கு ஒரு வரிகூட வராமல் போயிருந்தாலும் அது அப்படியேதான் எரிந்திருக்கும். இதை அவனிடம் நான் சொல்லவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் இரண்டு மாற்றம் கேட்டேன். ஒரு பெட்டிக்கு இரண்டு போன் சாவியாக வேண்டும், அதில் ஒன்று வீட்டில் இருப்பதிலேயே பழைய போனாக இருக்க வேண்டும். இதை எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது, மறுப்பு வரி கரைக்கு வந்து சேர்ந்தது என்று பதில் போன பிறகுதான் சிவப்புப் பொட்டு எரிய வேண்டும். முடியாது என்று சொல்வதற்கு எதற்கு வானம் வரைக்கும் போய்வர வேண்டும் என்று கேட்டார்கள். ஹென்ரிக் மட்டும் ஒன்றும் கேட்காமல் தலையை ஆட்டினார். மூன்று மாதம் மல்லுக்கட்டி வாங்கினேன்.

போன வாரம்தான் புதுப் பெட்டி அண்ணன் படகில் ஏறியது. கடிதம் வந்த அதே நாள். மதியம் என் திரையில் ஒரு வரி வந்தது. 'தெரியாத போன், மறுக்கப்பட்டது.' உடனே அண்ணன் அழைப்பு.

"யாருதோ போன வாங்கிக் காட்டுனேன். பார்த்தியா?"

"பார்த்தேண்ணா."

"இன்னா, பொட்டு எரிய லேட்டாவுது? முன்ன டக்குனு எரியும்."

"இப்ப நீ தட்டுனது இங்க வந்து சேர்ந்தப்புறம்தான் எரியும்."

பின்னால் அலை சத்தமும் யாரோ டீசல் கேனை உருட்டுகிற சத்தமும் கேட்டது.

"அப்ப அன்னிக்கு எரிஞ்சது?"

மாட்டிக்கொண்டேன். இனி மறைத்து என்ன பயன்?

"அது பொட்டியே எரிய வச்சதுண்ணா. நான் இல்ல."

"ஆனா நீ பார்த்துகினு இருந்த இல்ல?"

"பதினேழும் பார்த்தேன். கயல் எழுதி வச்சிருக்கா."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதான், போ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.